எட்டு மூட்டை

மார்ச் 4, திங்கள்

காலையில் லாரி திரும்பி வந்தது. சரக்கு ஏற்றிப்போன லாரி சரக்கோடு திரும்பி வந்து என் கடை வாசலில் நிற்பது இந்த இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் கூடவே ஒரு காகிதமும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வத்தலில் பூஞ்சை விஷம் இருக்கிறதாம். அளவு தாண்டிவிட்டதாம். கீழே மதுரையில் ஏதோ சோதனைச்சாலையின் முத்திரை.

நான் சேதுநல்லூர் மிளகாய் வத்தல் சந்தையில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கி விற்றுத் தொடங்கியவள். அப்படிக் குனிந்து பொறுக்கிய பழக்கத்தில் வத்தலைக் கண்ணை மூடிக்கொண்டு தரம் சொல்வேன். கையில் அள்ளிக் குலுக்கினால் விதைச் சத்தத்திலேயே எத்தனை நாள் காய்ந்தது என்று தெரியும். எனக்குத் தெரியாத விஷத்தை ஏசி ரூமில் ஒரு மெஷின் கண்டுபிடித்துவிட்டதாம்!

மாயழகு அண்ணன் மூட்டைகளை இறக்கினார். மூட்டைக்குள் இறங்கி நின்று வத்தலை மிதித்து அடைப்பதுதான் நாற்பது வருஷமாக அவருக்கு வேலை. "தாயி, எல்லாம் வழக்கப்படிதான செஞ்சோம்?" என்றார். வழக்கப்படிதான். வாங்கினோம், தரம் பிரித்தோம், உடையாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தோம், மிதித்தோம், தைத்தோம். ஒன்றும் குறையவில்லை.

வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க வேண்டிய ரிப்பேர்காரன் இன்றும் வரவில்லை.

மார்ச் 7, வியாழன்

சந்தை நாள். முடிந்ததும் வியாபாரிகள் சங்கத்தில் அவசரக் கூட்டம். எனக்கு மட்டுமில்லை, இன்னும் நாலு கடைக்குச் சரக்கு திரும்பியிருக்கிறது. தலைவர் சங்குநாதன் எழுந்து நின்று காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் வலையனேந்தல் வத்தல். அந்த ஊர்லதான் இன்னும் மண்ணுல காயப்போடுறாக. மண்ணுலருந்துதான் பூஞ்சை ஏறுது. மேலக்கோட்டூர் மாதிரி சிமெண்ட் களம் போடுற வரைக்கும் அந்த ஊர்ச் சரக்கை யாரும் தொடக் கூடாது. சரிங்கிறவுக கையைத் தூக்குங்க."

மேலக்கோட்டூர் சிமெண்ட் களம் அவருடைய மச்சான் போட்டது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். யார் தலையிலாவது பழி விழுந்தால் சரி என்றிருந்தது. பின்னால் இதை நான் வேறு மாதிரி சொல்லுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் இன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

வலையனேந்தலிலிருந்து இருளாயி வந்தாள். பதினைந்து வருஷமாக எனக்குச் சரக்குப் போடுகிறவள். அந்த ஊரில் நாற்பது வீடு. கண்மாய்க்குத் தண்ணீர் வராத ஊர். மிளகாயை விட்டால் வேறு வெள்ளாமை கிடையாது. இரண்டாம் பறிப்பு களத்தில் காய்கிறது. அதை இந்தச் சந்தை வாங்காவிட்டால் ஆடிக்குள் பாதி ஊர் செங்கல் சூளைக்குப் போய்விடும்.

வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, எங்க வத்தல்ல வெசமாம்ல?"

"காகிதம் வந்திருக்கு இருளாயி."

"காகிதத்துல எங்க ஊரு பேரு போட்டிருக்கா?"

போடவில்லை. "மண்ணுல காயப்போட்டா அப்படித்தான் வரும்" என்றேன்.

"நீங்க பாத்தீகளா?"

"எதை?"

"மண்ணுலருந்து வெசம் ஏறுனதை. கண்ணால பாத்தீகளா? இல்ல, பாத்தவுக யாராச்சும் வந்து சொன்னாகளா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் ஒரு மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தாள். களத்திலிருந்து நேராக அள்ளிய வத்தல்.

"அந்த மெசினுக்கே இதை அனுப்புங்க. வெசம் இருந்துச்சுன்னா நாங்களே களத்தை மூடிப்புடுறோம். இல்லேன்னா கை தூக்குனவுக எல்லாம் எறக்கணும்."

நான் கை தூக்கியது அதற்குள் அந்த ஊர் வரை போயிருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

சனிக்கிழமை பஸ்ஸில் பையை அனுப்பியிருந்தேன். இன்று நானே மதுரைக்குப் போனேன், சண்டை போடுவதற்காக. சோதனைச்சாலையில் டாக்டர் ரெஹானா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயசிருக்கும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர்.

மஞ்சள் பை வத்தலில் விஷம் இல்லை என்றார்.

"அதே ஊர், அதே களம். லாரியில வந்தா வெசம், பையில வந்தா இல்லையா? உங்க மெஷினுக்கு லாரியைக் கண்டா ஆகாதோ?"

அந்தம்மா கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்துவிட்டார்.

"நல்ல கேள்விம்மா. பைக்கும் லாரிக்கும் நடுவுல என்ன நடக்குது?"

வாங்குவது முதல் தைப்பது வரை சொன்னேன். தண்ணீர் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காய வச்ச பொருள்ல எதுக்கும்மா தண்ணி?"

"ஒடையாம இருக்க."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

அவர் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். எட்டு மூட்டை. நாலு மண் களத்து வத்தல், நாலு சிமெண்ட் களத்து வத்தல். ஒவ்வொரு நாலிலும் இரண்டுக்கு வழக்கம்போல் தண்ணீர், இரண்டுக்கு ஒரு சொட்டும் கூடாது. நாற்பது நாள் ஒரே சரக்குக் கிட்டங்கியில் கிடக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்து வர வேண்டும். "பை மேல நம்பர் மட்டும் போடுங்க. எது எந்த ஊரு, எது ஈரம்னு எனக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா என் கண்ணே எனக்குப் பொய் சொல்லும்."

இது எனக்குச் சட்டென்று பிடித்தது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். முகத்துக்காக விலை மாறக் கூடாது என்று. படித்தவர்களும் துண்டு போட்டுத்தான் வேலை செய்கிறார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது கேட்டேன். "பொம்பளைப் பிள்ளை, பூசணத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீகளே, எப்படி இந்த வேலைக்கு வந்தீக?"

"இன்டர்வியூவுல நாட்டுக்குச் சேவை செய்யன்னு சொன்னேன்" என்றார். "நெசம் வேற. எங்க மாமு கல்யாண வீட்டுச் சமையல்காரர். உப்புப் போட்டா தண்ணி சீக்கிரம் கொதிக்கும்பாரு. நான் ஒரே அளவு ரெண்டு சட்டி வச்சு, கடிகாரம் பாத்து, அப்படி இல்லைன்னு அவர்கிட்டப் போய்ச் சொன்னேன். பத்து வயசு. கரண்டியாலேயே அடிச்சாரு. அழுதுக்கிட்டே மறுபடியும் ரெண்டு சட்டி வச்சேன். கடிகாரம் என் பக்கம்தான் இருந்துச்சு."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய மனிதர்களின் படத்தைச் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் விஞ்ஞானி ஆகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். இவரை ஆக்கியது ஒரு கரண்டி.

மார்ச் 15, வெள்ளி

எட்டு மூட்டை அடைத்தாயிற்று. நம்பரைக் கலைத்துப் போட்டேன். எது எது என்ற விவரம் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில். கிட்டங்கிச் சாவி என் இடுப்பில்.

மோட்டார் ஓடுகிறது.

மார்ச் 22, வெள்ளி

எல்லாம் பாழ். இன்று கை வைத்துப் பார்த்தால் காய்ந்த மூட்டை நாலும் ஜில்லென்று இருக்கிறது. மாயழகு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அடைக்கிற அன்னைக்கு நாலு மூட்டைக்குத் தெளிக்க மறந்துட்டீக தாயி. வத்தல் நொறுங்கிப் போகுமேன்னு நான்தான் தெளிச்சு மிதிச்சேன்."

"மறக்கலண்ணே! வேணும்னுதான் விட்டேன். சொன்னேன்ல?"

"சொன்னீக. கால் கேக்கலையே தாயி. கீழ காஞ்சு கெடந்தா கை தானா செம்புக்குப் போகுது."

நாற்பது வருஷப் பழக்கத்துக்கு முன்னால் என் உத்தரவு எம்மாத்திரம். திரும்ப முதலிலிருந்து.

மார்ச் 24, ஞாயிறு

புதிதாக எட்டு மூட்டை. ஈரம் நாலையும் மாயழகு அண்ணன் மிதித்தார், மூட்டைக்கு நாலு செம்பு தண்ணீர் வீதம், வழக்கம்போல். காய்ந்த நாலையும் நானே மிதித்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஐம்பத்தி நாலு வயசில் சாக்குக்குள் இறங்கினேன். எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்து, "அக்கா, பொங்கல் பானைக்குள்ள எறங்குனாப்ல இருக்கு" என்றான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வத்தல் நொறுங்கத்தான் செய்கிறது. தும்மல் ஓயவில்லை. பாதம் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் எரிகிறது. மோருக்குள் காலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கால் தோல் உரிகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். இருளாயி போன் செய்தாள். இரண்டாம் பறிப்பு காய்ந்து வீட்டுக்குள் குவிந்து கிடக்கிறதாம். படுக்க இடமில்லையாம். "என்னக்கா, மெசின் இன்னும் தூங்குதா?" என்றாள். இன்னும் இருபது நாள் என்றேன். "இருபது நாள்ல எங்க ஊருல பத்து வீடு பூட்டிரும்" என்றாள்.

எட்டில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. சாவியை எடுத்து, திரும்ப இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். பாதியில் பிரித்தால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

மே 4, சனி

நாற்பத்தொரு நாள். பிரித்தேன். எட்டிலும் கை விட்டு அள்ளி, மோந்து, குலுக்கிப் பார்த்தேன். என் கணக்குக்கு எட்டும் நல்ல சரக்கு. எதிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. பந்தயம் கட்டுவேன்.

எட்டுப் பையோடு மதுரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 9, வியாழன்

ரெஹானா போன் செய்தார். மூன்று, ஆறு, எட்டு நம்பர் பைகள். இந்த மூன்றில் விஷம், அளவு தாண்டி. மற்ற ஐந்தில் இல்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று, ஐந்து, ஆறு, எட்டு ஈர மூட்டை. அதில் ஆறும் எட்டும் மேலக்கோட்டூர் சிமெண்ட் களம். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு காய்ந்தவை. அதில் இரண்டு மூட்டை வலையனேந்தல் மண்ணில் காய்ந்தது, குழந்தைக்குக் கொடுக்கலாம் என்கிற அளவுக்குச் சுத்தம்.

மண் இல்லை. தண்ணீர். அந்த ஊர் இல்லை. நாங்கள்.

என் கையும் மூக்கும் எட்டையும் நல்ல சரக்கு என்று சொன்னதை இங்கேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன்.

ஐந்தாம் நம்பர் மட்டும் புரியவில்லை. ஈர மூட்டை, நாலு செம்பு வாங்கியது, ஆனால் விஷம் இல்லை. ஏன்?

மே 10, வெள்ளி

கடை திறக்கவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். மாயழகு அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நேற்று கடைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாலு செம்பும் கவிழ்ந்து கிடந்தன. உடையாமல் இருக்க நாலு எதற்கு என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. நானும்

கீரை விற்கிறவள் வந்துவிட்டாள். போதும் இன்றைக்கு.

மே 16, வியாழன்

சங்கக் கூட்டம். எட்டு மூட்டைக் கதையைக் காகிதத்தோடு சொன்னேன். தலைவர் கடைசி வரை கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேச்சியம்மா, நீங்க யாவாரம் பண்றீகளா, ஆராய்ச்சி பண்றீகளா?"

"ரெண்டும்தான்."

"தெளிக்காட்டி வத்தல் ஒடையும். ஒடஞ்ச வத்தலை எவன் வாங்குவான்? நம்ம அப்பன் பாட்டன் காலத்துலருந்து தெளிக்கிறோம்."

"ஒடையாம இருக்க ஒரு செம்பு போதும் தலைவரே. நாம நாலு ஊத்துறோம். மிச்ச மூணு எதுக்கு?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் வேலை வந்துவிட்டது.

நானே சொன்னேன். "எடைக்கு. நானும் ஊத்துனேன். இருபத்தாறு வருஷமா எடைக்குத்தான் ஊத்துறேன். ஒடையாம இருக்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு. அந்தத் தண்ணிதான் வெசம். அதுக்கு நாற்பது வீட்டைப் பட்டினி போட நாமதான் கை தூக்குனோம். என் கையை நான் எறக்கிட்டேன்."

"நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" மரியாதை போய்விட்டது.

"அதெல்லாம் தெரியாது. நான் பாத்தேன். நீங்க பாத்தீகளா?"

பின்வரிசையில் எவனோ சிரித்தான். என் பக்கமா, அவர் பக்கமா, தெரியவில்லை. கடைசியில் ஒரு வருஷத்துக்கு என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். ஏலத்தில் நான் கேட்கக் கூடாது, சந்தைக் கிட்டங்கியில் சரக்கு வைக்கக் கூடாது. எல்லாக் கையும் தூக்கியிருந்தது.

வெளியே வந்தேன். வயிறு என்னவோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதுபோல் நிறைந்திருந்தது.

மே 19, ஞாயிறு

ஏலம் எதற்கு? நேராக வலையனேந்தலுக்கே போய்விட்டேன். வீடு வீடாகப் பார்த்து, நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மிதிப்பும் இல்லை. தளர்வாக அடைத்ததில் சாக்கு இரண்டு மடங்கு போனது. மாயழகு அண்ணன் செருப்போடு நின்றுகொண்டு, "மிதிக்காம அடைக்கிறதுக்கு நான் எதுக்கு தாயி?" என்றார். ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டுப் பார்க்கும் வேலையைக் கொடுத்தேன். "ஈரத்தைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவரும் ஒரு தினுசில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மே 28, செவ்வாய்

ஏற்றுமதிக் கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டது. அவர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விஷம் இல்லை. கொஞ்சம் உடைசல் இருக்கிறதாம், பரவாயில்லையாம், அரைக்கத்தானே போகிறோம் என்கிறார்கள். இருபத்தாறு வருஷம் நாங்கள் உடையாமல் காப்பாற்றியது அரவை மில்லுக்கு.

சந்தையில் இப்போது எனக்குப் பெயர் விஞ்ஞானி. டீக்கடையில் போனதும் "விஞ்ஞானிக்கு ஒரு டீ" என்கிறார்கள். சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னேன்.

ஜூன் 1, சனி

இருளாயி ஊருக்குப் போனேன், மீதிச் சரக்குக்கு. அவள் வாசலில் சங்குநாதனின் லாரி நிற்கிறது.

"உங்களைவிடக் கூட்டிக் கேட்டாக அக்கா. குடுத்துட்டோம்" என்றாள், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாமல். "தண்ணி தெளிக்காம எடுக்குறதா இருந்தா ஏத்துங்கன்னு ஊரே நின்னுச்சு. சரின்னாக."

எனக்கு எரிச்சல்தான். நான் அடி வாங்கித் திறந்த கதவுக்குள் அவர் லாரியோடு நுழைந்திருக்கிறார். ஆனால் இருளாயி இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பூட்டியிருந்த வீடுகளில் மூன்று திறந்திருந்தன. அதையும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

மதுரை. நடந்ததையெல்லாம் ரெஹானாவிடம் சொன்னேன், கொஞ்சம் மிதப்பாகவே. ஒரு செம்பு விஷயம் வந்ததும் நிறுத்தினார்.

"ஒரு செம்பு போதும்னீங்களே, அதுல விஷம் வராதுன்னு எப்படித் தெரியும்?"

"அனுபவந்தான்."

"சோதிச்சீங்களா?"

இல்லை. நாலு செம்பு ஊற்றியதையும் ஒரு சொட்டும் ஊற்றாததையும்தான் பார்த்தேன். ஒரு செம்பை நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சங்குநாதன் மண்ணைப் பற்றிச் சொன்னதுபோல.

பேச்சை மாற்ற ஐந்தாம் மூட்டையைப் பற்றிக் கேட்டேன். "எனக்கும் தெரியலைம்மா" என்றார். டாக்டர் பட்டம் வாங்கியவர் தெரியலை என்று இவ்வளவு லேசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவுப் பக்கம் காற்று வாங்கியிருக்கலாம், சாக்கு ஏற்கனவே உப்பளத்தில் கிடந்த சாக்காக இருக்கலாம் என்று என் மனதில் இருந்ததைச் சொன்னேன். உப்புச் சாக்கு என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். அவர் வீட்டில்தான் சாப்பாடு. உப்புக் கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

சந்தை நாள். நான் உள்ளே போகக் கூடாது. வாசல் பொது இடம். சந்தை வாசல் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினேன்:

"ஒரு செம்பு தண்ணீர் போதும் என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னது சோதிக்காமல் சொன்னது. அதை நம்பி யாரும் தெளிக்க வேண்டாம். சோதித்துவிட்டுச் சொல்கிறேன். பேச்சியம்மாள்."

சங்குநாதன் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூட ஏழெட்டுப் பேர்.

"பாத்தீகளாப்பா! அன்னைக்கு அந்தக் குதி குதிச்சுச்சு. இன்னைக்குத் தானே தப்புன்னு எழுதுது" என்றார்.

"ஆமா தலைவரே" என்றேன். "உங்க பலகைதான். மண்ணைப் பத்தி நீங்க சொன்னதையும் கீழ எழுதுங்க. எடம் விட்டிருக்கேன்."

சுண்ணாம்புக் கட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் கையை மடக்கவும் இல்லை. அவர் உள்ளே போகும் வரை அப்படியே நின்றேன்.

நாளைக்கு, ஒரு செம்புக்கும் சேர்த்து, பதினாறு மூட்டை.